பழைய பாட்டும் புதிய செவியும்

2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் பிரித்தானிய இசை விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்ற பாடல், 37 ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த ஒன்று. கேட் புஷ் என்னும் ஆங்கிலப் பாடகி 1985இல் பாடிய 'ரன்னிங் அப் தட் ஹில்' அது. வெளிவந்த ஆண்டில் மூன்றாம் இடம்வரை ஏறிப் பின் ஓய்ந்திருந்த அப்பாடலை, 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' என்னும் தொலைக்காட்சித் தொடர் எடுத்தாண்டது. அத்தொடரைக் கண்ட பதின்வயதுப் பிள்ளைகள் பாடலைத் தேடிக் கேட்டார்கள். ஒருவர் சொல்லி ஒருவர் கேட்டார்கள். பாடல் பிறந்தபோது அவர்கள் பிறந்திருக்கவில்லை. அவர்களுள் பலருடைய பெற்றோரே அப்போது பள்ளிச் சிறுவர்கள். பாடியவருக்கோ, பெயர் மறுபடி உலகெங்கும் பேசப்பட்டபோது வயது 63.

இத்தகைய செய்திகளைக் கேட்கும்போது பெரியவர்கள் இரண்டில் ஒன்றைச் சொல்வது வழக்கம். 'எங்கள் காலத்துப் பாட்டுக்கு ஈடு உண்டோ' என்று பெருமைப்படுவோர் ஒரு சாரார். 'ஒரு காட்சியில் கேட்டுவிட்டுப் பழம்பாட்டை அறிந்ததாகப் பாவனை செய்கிறார்களே' என்று சலித்துக்கொள்வோர் மறுசாரார். இரண்டும் நமக்கு உடன்பாடானவை அல்ல. ஏனெனில், ராக் இசை என்று இன்று நாம் அழைக்கும் அந்தப் பெரும் கிளர்ச்சியே, தம் பாட்டனார் வயதுடையோரின் பாடல்களை இளைஞர்கள் தேடிக் கண்டெடுத்ததில் வேர்கொண்டது. மூத்தோரை எதிர்த்து எழுந்த இசை என்றே அதை நாம் அறிந்திருக்கிறோம். அது பாதி உண்மை. மறுபாதியில், முகமறியாத முதியவர்களைத் தேடி நெடும்பயணம் போன இளைஞர்கள் நிற்கிறார்கள். அவர்களுடைய கதையைக் கேட்ட பிறகே இன்றைய பிள்ளைகளைப் பற்றி நாம் பேசுதல் முறையாகும்.

அமெரிக்க நாட்டின் மிசிசிப்பி மாநிலத்தில், அடிமை முறை ஒழிந்த பின்னரும், கறுப்பின மக்கள் பருத்திக் காடுகளில் வாரத்துக்கு உழுது, ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தால் கடனே மிஞ்சிய நிலையில் வாழ்ந்து வந்தனர். அவர்களிடையே பிறந்த பாட்டே புளூஸ். ஒரு மனிதர், ஒரு கித்தார். ஓர் அடியைப் பாடி, அதையே மீண்டும் பாடி, மூன்றாம் அடியில் அதற்கு விடை சொல்லும் எளிய கட்டு. 1920களில் இசைத்தட்டு நிறுவனங்கள் இதில் வாணிபம் இருப்பதைக் கண்டுகொண்டன. கறுப்பினத்தார் வாங்குவதற்கென்றே தனி வரிசைகளில் தட்டுகள் வெளியிடப்பட்டன. பாடியவருக்குச் சிறு தொகை கையில் கொடுக்கப்பட்டது; உரிமை நிறுவனத்திடம் நின்றது. 1929இல் தொடங்கிய பொருளாதாரப் பெருவீழ்ச்சியில் அந்த வாணிபமும் விழ, பாடகர்கள் மறுபடி வயலுக்கும் கூலி வேலைக்கும் திரும்பினர்.

ராபர்ட் ஜான்சன் அவர்களுள் ஒருவர். 1936 நவம்பரில் சான் அன்டோனியோ நகரிலும், 1937 ஜூனில் டல்லாஸ் நகரிலும் மொத்தம் 29 பாடல்களைப் பதிவு செய்தார்; 1938 ஆகஸ்டில் 27ஆம் வயதில் இறந்துபோனார். அதே ஆண்டு டிசம்பரில் நியூயார்க்கின் கார்னகி மன்றத்தில் நடக்கவிருந்த இசைவிழாவுக்கு அவரை அழைக்க ஜான் ஹாமண்ட் என்பார் ஆள் அனுப்பியபோதுதான் சாவுச் செய்தி தெரியவந்தது. விழா மேடையில் அவருக்குப் பதிலாக அவருடைய இசைத்தட்டு ஒலித்தது. ஆள் இல்லாத மேடையில் குரல் மட்டும் பாடிய அந்த இரவை இக்கதையின் நுழைவாயில் எனலாம்.

பிறகு 23 ஆண்டுகள் ஓடின. 1961இல் கொலம்பியா நிறுவனம் அவருடைய பாடல்களுள் 16ஐத் தொகுத்து ஒரு நீண்ட நேர இசைத்தட்டாக வெளியிட்டது. அது இலண்டன் புறநகர்களில் சில பையன்களின் கையில் கிடைத்தது. அவர்களுள் ஒருவர் எரிக் கிளாப்டன். மற்றொருவர் கீத் ரிச்சர்ட்ஸ். நண்பர் ஒருவர் அத்தட்டைப் போட்டுக் காட்டியபோது, உடன் வாசிக்கும் இன்னொருவர் யார் என்று தாம் வினவியதாக ரிச்சர்ட்ஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். உடன் யாரும் இல்லை. இரண்டு கித்தார் போல ஒலித்தது ஒரே மனிதரின் பத்து விரல்களே. இந்த வியப்பிலிருந்து ஒரு தலைமுறையின் கித்தார் இசை கிளைத்தது.

ஆனால் அத்தட்டு எங்கிருந்து வந்தது? இதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பழைய 78 சுழற்சித் தட்டுகள் அரக்கால் ஆனவை, கைதவறினால் உடைந்துவிடும். பாரமவுண்ட் என்ற நிறுவனம், புளூஸ் பாடகர்களுள் தலைசிறந்தோர் பலரைப் பதிவு செய்தது. அதை நடத்தியது விஸ்கான்சின் மாநிலத்தின் நாற்காலித் தொழிற்சாலை ஒன்று என்பது வேடிக்கையான உண்மை. அது மூடப்பட்டபின் அச்சுத் தாய்த்தகடுகள் பழைய உலோக விலைக்குப் போயின. இரண்டாம் உலகப்போரில் அரக்குத் தட்டுப்பாடு வந்தபோது பழைய தட்டுகளும் சேகரிக்கப்பட்டுக் கரைக்கப்பட்டன. எஞ்சியவற்றை 1940களிலும் 50களிலும் காப்பாற்றியவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்க சேகரிப்பாளர்களே. கறுப்பினத்தார் குடியிருப்புகளில் வீடுவீடாகக் கதவு தட்டி, பரண்மேல் கிடந்த தட்டுகளைச் சில்லறைக் காசுக்கு வாங்கினார்கள். அவர்களிடம் பேராசையும் இருந்தது, விசித்திரப் போக்கும் இருந்தது. இருந்தும், அவர்கள் இல்லையேல் ஸ்கிப் ஜேம்ஸ் என்னும் மாபெரும் கலைஞரின் குரல் இன்று நமக்குக் கேட்டிராது. 1931இல் அவர் பாரமவுண்டுக்காகப் பாடிய தட்டுகளில் சில இன்று உலகிலேயே ஓரிரு படிகள்தாம் உள்ளன.

தட்டுகளைக் கேட்ட இளைஞர்களுக்கு ஒரு கேள்வி எழுந்தது: பாடியவர்கள் இன்னும் உயிரோடு இருப்பார்களோ? இந்தக் கேள்வியே அவர்களைச் சேகரிப்பாளர்களிடமிருந்து பிரித்துக் காட்டுகிறது. தட்டுக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார் என்று நினைத்தார்களே, அதுதான் பெரிது.

மிசிசிப்பி ஜான் ஹர்ட் 1928இல் சில பாடல்களைப் பதிவு செய்தபின் காணாமற்போனவர். அவற்றுள் ஒன்றில் தம் ஊர் அவலான் என்று அவரே பாடியிருந்தார். அன்றைய நிலப்படங்களில் அவ்வூர் இல்லை. பழைய நிலப்படம் ஒன்றில் இருந்தது. டாம் ஹாஸ்கின்ஸ் என்னும் இளைஞர் 1963இல் அங்கே போய்க் கடையில் விசாரித்தார். ஹர்ட் அங்கேயேதான் இருந்தார். எழுபதை எட்டிய வயதில் பண்ணை வேலை செய்துகொண்டிருந்தார். வெள்ளைக்காரர் ஒருவர் பெயர் சொல்லித் தேடிவந்ததைக் கண்டு, அரசு உளவுத்துறையினரோ என்று முதலில் அஞ்சினாராம். அந்நிலத்தில் அவ்வச்சத்துக்குக் காரணம் இருந்தது. அதே ஆண்டு நியூபோர்ட் இசைவிழா மேடையில் அவர் அமர்ந்து பாடியபோது, 35 ஆண்டுகளாக விரலில் உறங்கிய பாட்டு சற்றும் மாறாமல் வெளிவந்தது. மூன்றாண்டுகள் அப்புகழை நுகர்ந்து 1966இல் மறைந்தார்.

மறு ஆண்டு ஜூன் மாதம் இரண்டு குழுக்கள் தனித்தனியே புறப்பட்டன. மூன்று இளைஞர்கள் துனிகா என்னும் ஊரின் மருத்துவமனைப் படுக்கையில் ஸ்கிப் ஜேம்ஸைக் கண்டார்கள். வேறு மூவர், சன் ஹவுஸ் என்பாரைத் தேடி மிசிசிப்பி எங்கும் அலைந்தார்கள். அவரோ 1943 முதல் வடக்கே நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரில் குடியிருந்தார். அங்கே இரயில்வேயில் வேலை பார்த்தவர். ராபர்ட் ஜான்சனும் மடி வாட்டர்ஸும் யாரைப் பார்த்துக் கற்றார்களோ, அவர் இவரே. தம்மை உலகம் தேடுகிறது என்பதே அவருக்குத் தெரியாது.

சன் ஹவுஸின் வாழ்வு நம் வாசகர்களுக்குத் தனியே சொல்லத் தக்கது. இளமையில் அவர் பாப்திஸ்து சபையின் மறையுரையாளர். கித்தாரைத் தொடுவதே பாவம் என்று எண்ணியவர். இருபத்தைந்து வயதளவில் ஒருவர் வாசிப்பதைக் கேட்டு அதில் வீழ்ந்தார். வாழ்நாள் முழுவதும் மறையுரை மேடைக்கும் மதுக்கடைக்கும் இடையே இழுபட்டார். அவருடைய பாட்டில் ஒலிக்கும் வேதனை வெறும் காதல் தோல்வி அன்று. கடவுளின் முன் நிற்கக் கூசும் ஒருவரின் குரல் அது. புளூஸைப் 'பேயின் பாட்டு' என்று வைத அதே சபைகளின் ஞானப்பாடல்களிலிருந்துதான் அதன் குரல்முறை பிறந்தது என்பதையும் இங்குக் குறித்தல் தகும்.

இளைஞர்கள் அவரைக் கண்டபோது அவரிடம் கித்தாரே இல்லை. பாட்டு மறந்திருந்தது, கை நடுங்கியது. அப்போது ஆலன் வில்சன் என்னும் இருபது வயதை ஒட்டிய வெள்ளை இளைஞர் அவர்முன் அமர்ந்து, அவருடைய பழைய தட்டுகளிலிருந்து தாம் கற்றவற்றை அவருக்கே வாசித்துக் காட்டினார். சன் ஹவுஸ் தம் பாட்டைத் தம் பேரன் வயதுடைய ஒருவரிடமிருந்து திரும்பக் கற்றார். இசை வரலாற்றில் இதற்கு நிகரான காட்சி வேறொன்று இருப்பதாக நாம் அறியோம். மரபு எப்போதும் மேலிருந்து கீழே ஒழுகும் என்பார்கள்; இங்கே அது ஒருமுறை கீழிருந்து மேலேறியது. 1965இல் கொலம்பியா நிறுவனத்துக்காக அவர் மீண்டும் பாடினார். அத்தட்டைத் தயாரித்தவர், 1938இல் ராபர்ட் ஜான்சனைத் தேடித் தோற்ற அதே ஜான் ஹாமண்ட்.

இவற்றையெல்லாம் இனிய கதையாக மட்டும் சொல்லி முடிப்பது நேர்மையாகாது. அதே 1964 ஜூன் மாதம் 21ஆம் நாள், கறுப்பினத்தாரை வாக்காளராகப் பதிவு செய்யும் பணியில் இருந்த ஜேம்ஸ் சேனி, ஆண்ட்ரு குட்மன், மைக்கேல் ஷ்வெர்னர் ஆகிய மூன்று இளைஞர்கள் மிசிசிப்பியில் கடத்திக் கொல்லப்பட்டனர். மூத்தவருக்கு வயது 24. அவர்களுடைய உடல்கள் ஆகஸ்டில் ஓர் அணைக்கரை மண்ணுக்குள் கிடைத்தன. வேற்று மாநில எண்ணுள்ள வண்டியில் கறுப்பினத்தார் குடியிருப்புக்குள் நுழையும் வெள்ளை இளைஞர் எவரும் அக்கோடையில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டே போனார்கள், பாட்டைத் தேடிப் போனவர்களும் அவர்களுள் அடங்குவர். பாடியவர்களோ அந்த அச்சத்துக்குள்ளேயே பிறந்து வளர்ந்து முதுமையடைந்தவர்கள். பாட்டின் அழகை மட்டும் எடுத்துக்கொண்டு, அது எழுந்த நிலத்தை மறப்பது கேட்பவருக்கு எளிது. அவர்களுக்கு அந்த வாய்ப்பு இருந்ததில்லை.

இங்கிலாந்தில் நடந்தது வேறு வகை. அங்கே இளைஞர்கள் ஆளைத் தேடாமல் பாட்டைப் பாடத் தொடங்கினார்கள். மிக் ஜாகரும் கீத் ரிச்சர்ட்ஸும் 1961இல் டார்ட்ஃபோர்டு இரயில் நிலையத்தில் நட்புக்கொண்டதற்குக் காரணம், ஜாகரின் கையிடுக்கில் இருந்த சக் பெர்ரி, மடி வாட்டர்ஸ் தட்டுகளே. மடி வாட்டர்ஸ் 1950இல் பாடிய ஒரு பாட்டின் பெயரைத்தான் அவர்கள் தம் குழுவுக்கு வைத்துக்கொண்டார்கள். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் அமெரிக்காவில் கால்வைத்தபோது, அந்நாட்டு வெள்ளை இளைஞர்கள் கடல்கடந்து வந்த புதிய இசை என்று ஆரவாரித்ததில் பெரும்பகுதி, அவர்களுடைய ஊரிலேயே பக்கத்துத் தெருவில் ஒலித்துக்கொண்டிருந்தது. 1965 மே மாதம் அமெரிக்கத் தொலைக்காட்சியின் 'ஷிண்டிக்' நிகழ்ச்சிக்கு அழைக்கப்பட்டபோது, ஹவ்லின் உல்ஃப் என்னும் மூத்த புளூஸ் பாடகரும் மேடையேற வேண்டும் என்று அவர்கள் கேட்டுப் பெற்றார்கள். ஐம்பதைக் கடந்த அம்மாமனிதர் பாட, இளம் பாடகர்கள் அவர் காலடியில் அமர்ந்து கேட்டார்கள். அந்தச் சில நிமிடங்களுக்காக அவர்களை நாம் மதிக்கிறோம்.

ஆனால் மதிப்பு வேறு, கூலி வேறு. லெட் செப்பலின் குழு 1969இல் வெளியிட்டுப் பெரும்புகழ் ஈட்டிய 'ஹோல் லோட்டா லவ்' பாடல், வில்லி டிக்சன் எழுதி மடி வாட்டர்ஸ் 1962இல் பாடிய பாடலொன்றிலிருந்து எடுத்துக்கொண்டது பல. தட்டின்மேல் டிக்சனின் பெயர் இல்லை. 1985இல் அவர் வழக்குத் தொடுத்தார். 1987இல் நீதிமன்றத்துக்கு வெளியே உடன்பாடு ஏற்பட்டது. அதற்குள் அவர் எழுபதைத் தாண்டியிருந்தார். தம்மைப்போல் உரிமத்தொகை இழந்த இசைவாணர்களுக்கு உதவ அவர் ஓர் அறக்கட்டளையையும் நிறுவினார். மறுபுறம், கிரீம் குழுவினர் 1966இல் ஸ்கிப் ஜேம்ஸின் பாடல் ஒன்றைப் பாடியபோது அவர் பெயரையே போட்டார்கள். அதனால் வந்த தொகை புற்றுநோயோடு போராடிய அவருக்கு மருத்துவச் செலவுக்குக் கைகொடுத்தது. ஒரு பெயரை அச்சிடுவதும் விடுவதும் எத்துணை வேறுபாட்டை உண்டாக்கும் என்பதற்கு இவ்விரண்டும் போதும்.

ராபர்ட் ஜான்சனின் உரிமையோ அவர் இறந்து 60 ஆண்டுகளுக்குப் பின்னரே முடிவாயிற்று. 1990இல் அவருடைய முழுத் தொகுப்பு வெளிவந்து பத்து இலட்சத்துக்கும் மேல் விற்றபோது, பெற வேண்டியவர் யார் என்ற கேள்வி எழுந்தது. 1998இல் மிசிசிப்பி நீதிமன்றம் கிளாட் ஜான்சன் என்பவரே மகனும் மரபுரிமையரும் எனத் தீர்ப்பளித்தது. அவர் சரளைக்கல் லாரி ஓட்டிப் பிழைத்தவர்.

ராக் இசைக்குள்ளேயே இதுபோன்ற ஒன்று நிகழ்ந்தது. டெட்ராய்ட் நகரின் சிக்ஸ்டோ ரொட்ரிகஸ் 1970லும் 1971லும் இரண்டு தொகுப்புகள் வெளியிட்டார். அமெரிக்காவில் எவரும் வாங்கவில்லை. அவர் இடிபாட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போனார். தென்னாப்பிரிக்காவிலோ, இனஒதுக்கல் ஆட்சியில் மூச்சுமுட்டிய வெள்ளை இளைஞர்கள் அவருடைய பாடல்களை மனப்பாடமாகப் பாடிவந்தார்கள். மேடையிலேயே தற்கொலை செய்துகொண்டார் என்பதுதான் அவரைப் பற்றி அவர்கள் அறிந்தது. 1997இல் இரண்டு அன்பர்கள் விடாமல் துருவி, அவர் உயிரோடிருப்பதைக் கண்டார்கள். 1998 மார்ச்சில் அவர் அங்கே சென்று நிறைந்த அரங்குகளில் பாடினார். 2012இல் வந்த 'சர்ச்சிங் ஃபார் சுகர் மேன்' ஆவணப்படம் மறு ஆண்டு ஆஸ்கர் பெற்றது. அதன்பின் உலகெங்கும் அவரைவிட ஐம்பது வயது இளையோர் அவரைக் கேட்டார்கள். இத்தனை காலம் விற்ற தட்டுகளின் பணம் எங்கே போயிற்று என்ற வினாவை அப்படமே எழுப்பியது. தமக்குக் கிடைத்ததில் பெரும்பங்கைக் குடும்பத்தாருக்கும் நண்பர்களுக்கும் கொடுத்துவிட்டுப் பழைய வீட்டிலேயே வாழ்ந்த அவர், 2023 ஆகஸ்டில் 81ஆம் வயதில் காலமானார்.

இவ்வரிசையில் வைத்துப் பார்க்கும்போது, கேட் புஷ் பெற்ற பேறு எத்தகையது என்பது விளங்கும். அப்பாடலை எழுதியவரும் தயாரித்தவரும் அவரே. பிள்ளைகள் தேடி வந்தபோது அவர் உயிரோடிருந்தார். அவருடைய பெயர் பாட்டின்மேல் இருந்தது. வந்த வருவாய் வழிதவறவில்லை. 1985க்கும் 1936க்கும் இடையே எத்தனையோ வழக்குகள் இருக்கின்றன.

இன்று இணையத்தில் பழம்பாட்டு தேடும் பிள்ளைகள் அடிக்கடி வந்து சேரும் ஒரு பழைய படச்சுருள் உண்டு. 1964 மே 7ஆம் நாள் மான்செஸ்டரில், மூடப்பட்டுக் கிடந்த வில்பிரகாம் ரோடு இரயில் நிலையத்தில் கிரனாடா தொலைக்காட்சியினர் பதிவு செய்தது அது. ஒரு நடைமேடையில் பார்வையாளரான இளைஞர்கள். தண்டவாளத்துக்கு எதிர்ப்புறம் பாடகர்கள். மழை பெய்கிறது. மேலங்கி அணிந்த ஐம்பதை நெருங்கும் அம்மையார் ஒருவர் குதிரை வண்டியிலிருந்து இறங்கி, வெண்ணிற மின் கித்தாரை எடுத்துத் தோளில் மாட்டி, நோவா காலத்துப் பெருமழையைப் பாடும் ஞானப்பாடலைத் தொடங்குகிறார். இடையில் அவர் வாசிக்கும் கித்தாரைக் கேட்டு, ராக் இசையை இளைஞர்கள் கண்டுபிடித்ததாக நம்பியிருந்த பிள்ளைகள் திகைக்கிறார்கள்.

அவர் ரொசெட்டா தார்ப். 1915இல் அர்க்கன்சா மாநிலத்தில் பிறந்து, தாயோடு பெந்தெகொஸ்து சபைகளில் பாடி வளர்ந்தவர். 1944இல் அவர் பதிவு செய்த ஞானப்பாடல் ஒன்றை முதல் ராக் அண்ட் ரோல் பாட்டாகவே சிலர் எண்ணுகிறார்கள். 1947இல் மேக்கன் நகரில், தம் நிகழ்ச்சிக்கு முன்னே பாடிக்கொண்டிருந்த பதினான்கு வயதுச் சிறுவனை மேடையேற்றிக் கைந்நிறையக் காசும் கொடுத்தவர். அச்சிறுவனே பின்னாளின் லிட்டில் ரிச்சர்ட். கோவிலில் பாட வேண்டியதைக் கேளிக்கை மன்றத்தில் பாடுகிறார் என்று சபையார் அவரை வெறுத்ததும் உண்டு. 1973 அக்டோபரில் பிலடெல்பியாவில் இறந்தபோது, அவருடைய கல்லறைக்குப் பெயர் பொறித்த கல்கூட வைக்கப்படவில்லை. அந்நகரின் நார்த்வுட் கல்லறைத் தோட்டத்தில் 35 ஆண்டுகள் அந்த மண் வெறுமையாகவே கிடந்தது. 2008 ஜனவரியில் அவருக்கென ஓர் இசை நிகழ்ச்சி நடத்தினார்கள். அதில் திரண்ட பணத்தில்தான் கல் வந்தது.